இளம் மருத்துவர்களே, ஏழையின் கடனைத் தீர்த்துவிட்டுப் போங்கள்!

 

மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை முடிந்ததும் நமது மஹல்லாக்களில் மகிழ்ச்சி பொங்குவதைப் பார்க்கிறோம். இடம் கிடைத்த மாணவருக்குப் பாராட்டு விழா நடக்கிறது. பொன்னாடை போர்த்துகிறார்கள். கேடயம் கொடுக்கிறார்கள். தெருமுனையில் வாழ்த்துப் பலகை கட்டுகிறார்கள். பின்தங்கிக் கிடக்கும் ஒரு சமுதாயம் தன் பிள்ளை மருத்துவராகப் போகிறார் என்று பூரித்துப் போவதில் தவறேதும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்!

ஆனால் அந்தப் பலகையைக் கட்டியவர்கள் ஐந்தரை ஆண்டு கழித்து ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்தப் பிள்ளை படித்து முடித்து எங்கே போனார்? இன்று யாருக்கு வைத்தியம் பார்க்கிறார்?

கேட்டுப் பாருங்கள். ஒருவர் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போயிருப்பார். ஒருவர் சென்னையின் பெரிய தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பார். ஒருவர் முதுநிலைப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்காக அறையைப் பூட்டிக்கொண்டு இரண்டாவது, மூன்றாவது ஆண்டாகப் படித்துக்கொண்டிருப்பார். ஒரு சகோதரியின் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்த வீட்டுச் சுவரில் தொங்கும். நம் ஊருக்கு நான்கு மைல் தொலைவில் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களில் எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் உங்களோடு பேச விரும்புகிறேன். ஓர் இளம் மருத்துவரின் முதல் சில ஆண்டுகள் அவருடைய தனிச்சொத்து அல்ல. அவை ஏழைகளுக்குச் சேர வேண்டிய கடன். அந்தக் கடனை அவர் மனமுவந்து தீர்க்கும் சூழ்நிலையை உருவாக்குவது சமுதாயத்தின் கடமை, அரசின் கடமை.

யாருடைய பணம்? யாருடைய போராட்டம்?

அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் ஆண்டுக்குக் கட்டும் கட்டணம் சில ஆயிரம் ரூபாய். அவரை மருத்துவராக்க அரசு செலவிடுவதோ பல லட்சம். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும், சோப்பு வாங்கும் பீடி சுற்றும் தாயும் செலுத்தும் வரியிலிருந்து வருகிறது. தர்ம ஆஸ்பத்திரியின் படுக்கையில் கிடக்கும் ஏழையின் உடம்பைத் தொட்டுத்தான் அந்த மாணவர் நாடி பார்க்கக் கற்றுக்கொள்கிறார். ஏழையின் பிரசவத்தைப் பார்த்துத்தான் பிரசவம் பார்க்கப் பழகுகிறார். பணக்காரர் யாரும் தம் உடம்பைப் பாடப் புத்தகமாகக் கொடுப்பதில்லை.

நம் சமுதாயப் பிள்ளைகளுக்கு இன்னொரு கடனும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கியது. அது தானாக வந்து மடியில் விழுந்ததா? எத்தனை ஆண்டுகள், எத்தனை மாநாடுகள், எத்தனை பேரணிகள்! வெயிலில் கொடி பிடித்து நடந்தவர்களில் பெரும்பாலோர் சைக்கிளில் துணி விற்றவர்கள், மீன் விற்றவர்கள், தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் யாரும் மருத்துவர் ஆகப் போவதில்லை. தம் பேரப் பிள்ளையாவது ஆகட்டும் என்று நடந்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் இடம் பெற்ற ஒரு மாணவர், "என் மதிப்பெண், என் உழைப்பு, என் இஷ்டம்" என்று சொல்ல முடியுமா? சிந்தியுங்கள்.

2006இல் வெளியான சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் எடுத்துச் சொல்கிறோம். மாநிலங்கள் அளித்த விவரங்களின்படி சுகாதாரத் துறைப் பணிகளில் முஸ்லிம்களின் பங்கு 4.4 சதவீதம்தான் என்று அது கூறியது. அன்றைய மக்கள்தொகைக் கணக்கில் நாம் 13.4 சதவீதம். இந்தக் கணக்கைச் சொல்லி அரசிடம் நீதி கேட்பது நியாயம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் நம் கையில் கிடைத்த பட்டதாரிகளை அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நாம் அனுப்புகிறோமா என்ற கேள்வியும் நியாயமானதே. 3.5 சதவீதம் கல்லூரி வாசலோடு முடிவதில்லை, வேலைவாய்ப்பிலும் இருக்கிறது.

இமாம் கஸ்ஸாலியின் கேள்வி

மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு ஃபர்ளு கிஃபாயா என்ற சொல் புதிதல்ல. சமுதாயத்தில் சிலராவது செய்தே தீர வேண்டிய கடமை அது. யாருமே செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. ஜனாஸா தொழுகையை உதாரணம் காட்டுவோம். ஆனால் 900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யா உலூமித்தீன் நூலின் கல்விப் பகுதியில் மருத்துவக் கல்வியையும் இந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. தம் காலத்து அறிஞர்களைப் பார்த்து ஒரு கேள்வியையும் கேட்கிறார்கள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க எல்லாரும் சட்டக் கல்விக்கே ஏன் முண்டியடிக்கிறீர்கள்? பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். சட்டம் படித்தால் வக்ஃப் சொத்தை நிர்வகிக்கலாம், அநாதைகளின் பணம் கைக்கு வரும், காஜி பதவி கிடைக்கும். மருத்துவத்தில் அந்த வசதி இல்லை!

இன்று நிலைமை தலைகீழ். எல்லாரும் மருத்துவத்துக்கே முண்டியடிக்கிறார்கள். அப்படியானால் இமாம் அவர்களின் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. அவர்கள் கேட்டது எந்தப் படிப்பைப் படித்தாய் என்பதை மட்டுமல்ல, எதற்காக அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாய் என்பதையும்தான். காலியாகக் கிடக்கும் கடமையை விட்டுவிட்டுக் காசு கொட்டும் இடத்தில் கூட்டம் கூடுவதைத்தான் அவர்கள் கண்டித்தார்கள். நகரத்தின் ஒரே தெருவில் பத்து நர்சிங் ஹோம் இருக்க, கிராமத்து சுகாதார நிலையம் மருத்துவரைத் தேடிக்கொண்டிருந்தால் அந்தக் கண்டனம் இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

நமது முன்னோர் மருத்துவத்தை எங்கே வைத்திருந்தார்கள்? அகழ்ப் போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரளி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டோருக்குச் சிகிச்சை அளித்து வந்த ருஃபைதா (ரளி) என்ற பெண்மணியின் கூடாரம் அது. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய பெரிய மருத்துவமனை வக்ஃப் வருமானத்தில் நடந்தது. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்று பாராமல் அங்கே சிகிச்சை தரப்பட்டது. இந்தப் பெருமைகளைப் பேசிக் கைதட்டல் வாங்குவது சுலபம். அந்த வழியில் ஒரு பிள்ளையை அனுப்பி வைப்பது கஷ்டம்.

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்ன?

நம்மில் வசதி படைத்த பலருக்கு அந்தக் கட்டடத்தின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் தந்த அறிக்கையிலிருந்து பிறந்த ஏற்பாடு அது. பணம் இல்லை என்ற காரணத்தால் எந்த மனிதனுக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்பது அந்த அறிக்கையின் அடிப்படை. சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசின் அளவுகோல். அதன்கீழ் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையமும் கிராம சுகாதார செவிலியரும் உண்டு.

அங்கே இருக்கும் இளம் மருத்துவர் காலையில் புற நோயாளிகளைப் பார்க்கிறார். கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை எழுதுகிறார். பாம்பு கடித்தவரைக் காப்பாற்றி மேலே அனுப்புகிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார். ஊரில் டெங்கு வந்தால் தண்ணீர்த் தொட்டியைத் தேடிப் போகிறார். தனியார் மருத்துவர் தம்மைத் தேடி வந்தவருக்கு மட்டும் பொறுப்பாளி. இவரோ வராதவருக்கும் பொறுப்பாளி. இதுதான் வேறுபாடு. மருந்துக்கும் குறைவில்லை. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பி வருகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துவிட்டுப் போன ஏற்பாடு அது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்திற்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. பெருமைக்குரிய செய்தி. அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. தனியார் மருத்துவமனைகளில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு 63க்கும் மேல் வயிற்றைக் கிழித்து எடுத்தவை. அரசு மருத்துவமனைகளில் அது 36. அந்த இடைவெளியில் எத்தனை குடும்பங்களின் தாலி, நகை, நிலப் பத்திரம் அடகுக் கடைக்குப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நமது பெண்களும் அதில் அடக்கம். "கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ஆண் டாக்டர் இருப்பார்" என்று சொல்லிக் கடன் வாங்கித் தனியாரிடம் போகும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் இல்லையா?

திண்டிவனத்தில் ஓர் இரவு

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். 1890களின் தொடக்கம். திண்டிவனத்தில் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியர் மருத்துவராக இருந்தார். அவருடைய மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தார்கள். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துப் போங்கள் என்று அந்தப் பெண் சொல்ல, அந்நிய ஆண் எங்கள் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வந்தவர்களில் ஒருவர் முஸ்லிம்.

ஊழியப் பணியே வேண்டாம் என்றிருந்த அந்த இளம்பெண் அந்த இரவுக்குப் பிறகு மருத்துவம் படிக்க அமெரிக்கா போனார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அதுதான் இன்று உலகமறிந்த வேலூர் சி.எம்.சி.

இறந்துபோன அந்த முஸ்லிம் சகோதரிக்காக ஒரு கிறிஸ்தவப் பெண் தன் வாழ்நாளையே கொடுத்தார். அவருடைய மதத்தை நாம் ஏற்கவில்லை. அவருடைய தியாகத்தை எப்படி மறுக்க முடியும்? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தக் கல்லூரியில் திருச்சபைகளின் ஆதரவோடு சேரும் மாணவர்கள் படித்து முடித்ததும், தம்மை அனுப்பிய சபையின் மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் பணியாற்ற வேண்டும். அப்படித்தான் வடகிழக்கு மலைகளிலும் மத்திய இந்தியக் காடுகளிலும் உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு இளம் மருத்துவர்கள் போய்ச் சேர்கிறார்கள். ஒரு சமூகம் தன் பிள்ளையைப் படிக்க வைக்கும்போதே இன்ன இடத்தில் இத்தனை ஆண்டு என்று பேசி வைத்துக்கொள்கிறது. நம் கல்வி நிதிகளில் இப்படி ஒரு பேச்சு உண்டா?

டாக்காவிலிருந்து ஒரு முன்மாதிரி

நம் பக்கத்திலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1971இல் வங்க மக்கள் விடுதலைக்குப் போராடியபோது ஜஃபருல்லா சௌத்ரி என்ற 29 வயது மருத்துவர் லண்டனில் எஃப்.ஆர்.சி.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். தேர்வை விட்டுவிட்டார். லண்டன் ஹைட் பூங்காவில் தம் பாகிஸ்தான் கடவுச்சீட்டைக் கிழித்தெறிந்தார். திரிபுராவுக்கு வந்து நண்பர்களோடு 480 படுக்கைகள் கொண்ட மூங்கில் மருத்துவமனையை அமைத்தார். செவிலியர் பயிற்சியே இல்லாத பெண்களுக்குச் சில நாட்களில் பயிற்சி தந்து காயமுற்றோரைக் கவனிக்க வைத்தார்.

போர் முடிந்தது. திரும்பி லண்டனுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. 1972இல் டாக்காவுக்கு அருகே சாவரில் கணசாஸ்த்ய கேந்திரம் என்ற மக்கள் நல மையத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களுக்கு அடிப்படை மருத்துவம் சொல்லிக்கொடுத்துச் சைக்கிளில் வீடு வீடாக அனுப்பினார். பெண் சைக்கிள் ஓட்டுவதா என்று கேட்ட ஊரில் அந்தப் பெண்கள் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். 1982இல் வங்கதேசத்தின் தேசிய மருந்துக் கொள்கை உருவாவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பயனற்றவை, தீங்கானவை என்று 1,700க்கும் மேற்பட்ட மருந்துகள் அப்போது விலக்கப்பட்டன. பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் கொதித்தெழுந்தன, அவர் அசையவில்லை. 1985இல் மகசேசே விருது அவரைத் தேடி வந்தது. 2023 ஏப்ரலில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

இளம் மருத்துவர்களே! ஏழை நாட்டில் ஒரு மருத்துவரால் என்ன செய்ய முடியும் என்று கேட்காதீர்கள். 29 வயதில் ஒருவர் எடுத்த முடிவு ஒரு நாட்டின் மருந்துக் கடையையே மாற்றியிருக்கிறது.

"பாதுகாப்பு எங்கே? சம்பளம் எங்கே?"

நியாயமான கேள்விகள்தாம். பயானில் தியாகத்தைப் பற்றிப் பேசிவிட்டு இவற்றைத் தள்ளிவிட்டுப் போகக் கூடாது.

முதலாவது மேற்படிப்பு. தமிழகத்தில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 சதவீதம் ஒதுக்கீடு இருந்தது. கிராமத்துக்குப் போன இளைஞர், அந்தப் பணியின் வழியாகவே சிறப்பு மருத்துவர் ஆகலாம். ஆனபின் மாவட்ட, வட்ட மருத்துவமனைக்கே திரும்பி வருவார். தமிழகத்து அரசு மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் இருப்பதன் இரகசியம் இதில் இருக்கிறது. 2017இல் நீதிமன்றத் தீர்ப்புகளால் பட்ட மேற்படிப்பில் இது பறிபோனது. அரசு மருத்துவர்கள் போராடினார்கள், வழக்காடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தகைய ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. ஆகவே கிராமத்துக்குப் போனால் மேற்படிப்புக் கெட்டுவிடும் என்பது சரியல்ல. அந்த வழி திறந்திருக்க வேண்டுமானால் அதைக் காக்கும் போராட்டத்தில் நாமும் நிற்க வேண்டும்.

இரண்டாவது சம்பளம். 2019 அக்டோபரில் தமிழக அரசு மருத்துவர்கள் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். ஏழைக்கு வைத்தியம் பார்ப்பவரை ஏழையாகவே வைத்திருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்? காலியிடங்களை உடனுக்குடன் நிரப்பு, உரிய ஊதியம் கொடு, கிராமத்தில் குடியிருக்க நல்ல குவார்ட்டர்ஸ் கட்டிக்கொடு என்று நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அவையில் குரல் எழுப்ப வேண்டும். இது மருத்துவர் சங்கத்தின் கோரிக்கை மட்டுமல்ல, நோயாளியின் கோரிக்கை.

மூன்றாவது பாதுகாப்பு. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பணியிலிருந்த பயிற்சி மருத்துவரான ஒரு பெண் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. நம் வீட்டுப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று ஒரு தந்தை கேட்டால் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். இரவுப் பணியில் பூட்டுள்ள ஓய்வறை, காவலர், வெளிச்சம், வாகனம், இவையெல்லாம் சலுகைகள் அல்ல. இவை இல்லாத மருத்துவமனை வாசலில் ஊர் மக்கள் திரண்டு கேட்க வேண்டும்.

நம் சமுதாயத்துக்கு மட்டுமான ஓர் அச்சமும் உண்டு. 2017 ஆகஸ்டில் கோரக்பூர் அரசு மருத்துவக் கல்லூரியில் நிலுவைத் தொகை செலுத்தப்படாததால் ஆக்சிஜன் வரத்து தடைபட்டது. சில நாட்களில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. ஆக்சிஜன் உருளைகளைத் தேடி ஓடியவர் என்று ஏடுகள் எழுதிய மருத்துவர் கஃபீல் கான், கைது செய்யப்பட்டார். சுமார் எட்டு மாதங்கள் சிறை. அவர் மருத்துவ அலட்சியம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று கூறி 2018 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ஜாமீன் தந்தது. 2020இல் மீண்டும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை. அந்த உத்தரவை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021இல் பணிநீக்கம். இதைப் படித்த ஒரு தாய், "என் மகனுக்கு அரசு வேலையே வேண்டாம்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வது?

இதுதான் பதில். நாம் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்பதுதான் அநீதி இழைப்பவர்களின் விருப்பம். அதை நாமே நிறைவேற்றிக் கொடுக்கலாமா? அந்த மருத்துவரும் ஒதுங்கவில்லை. 2019இல் பீகாரின் முசாஃபர்பூரில் மூளைக் காய்ச்சலில் குழந்தைகள் மடிந்தபோது அங்கே போய் இலவச முகாம் நடத்தினார். இடத்தை விடாதிருப்பதும், பாதிக்கப்பட்டவருக்காகச் சட்டப்படி போராடுவதும், இரண்டும் சேர்ந்ததுதான் அரசியல்.

நாம் செய்ய வேண்டியவை

ஒன்று: மருத்துவ மாணவருக்கு உதவும் ஒவ்வொரு ஜமாஅத்தும், பைத்துல்மாலும், அறக்கட்டளையும் கொடுக்கும்போதே ஒரு வாக்குறுதி வாங்கட்டும். படித்து முடித்ததும் குறைந்தது மூன்று ஆண்டுகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அரசு மருத்துவமனையிலோ பணி. அபராதம் போடும் பத்திரம் வேண்டாம். அல்லாஹ்வைச் சாட்சியாக்கி, ஜமாஅத்தார் முன்னிலையில் கொடுக்கும் வாக்கு போதும். "முஸ்லிம் மருத்துவமனையில்" என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாச் சமூகத்து ஏழைகளும் வரிசையில் நிற்கும் இடத்தில் நம் பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். 2020, 2021 கொரோனா காலத்தில் நம் அமைப்புகளின் தொண்டர்கள் மதம் பாராமல் சடலங்களைச் சுமந்து அடக்கம் செய்ததை ஊரே கண்டது. இறந்தவரைச் சுமந்த சமுதாயம் உயிரோடிருப்பவரையும் சுமக்கட்டும்.

இரண்டு: கல்யாணச் சந்தை. டாக்டர் மாப்பிள்ளைக்கு இத்தனை பவுன், இத்தனை லட்சம், ஒரு கார் என்று கைக்கூலி பேசும் வரை எந்த இளைஞனும் கிராமத்துக்குப் போக மாட்டான். வாங்கிய விலைக்கு அவன் சம்பாதித்துக் காட்ட வேண்டுமே! மஹர் கொடுத்து மணம் முடிக்கச் சொன்ன மார்க்கத்தில் மருத்துவப் பட்டத்தை ஏலம் போடுவது வெட்கக்கேடு. இத்தகைய நிகாஹில் கலந்துகொள்வதில்லை என்று ஆலிம்களும் ஜமாஅத் தலைவர்களும் முடிவெடுக்க வேண்டும்.

மூன்று: மருத்துவம் படித்த பெண்ணை மணப்பவர்கள் அவரைப் பணிக்கு அனுப்புவோம் என்று நிகாஹுக்கு முன்பே ஒப்புக்கொள்ளட்டும். நம் பெண்களுக்குப் பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே, படித்த பெண் மருத்துவரை அடுப்படியில் பூட்டி வைப்பது எந்த வகை நியாயம்? திண்டிவனத்து இரவு இன்னும் விடியவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்!

நான்கு: ஆலிம்களும் மருத்துவர்களும் கைகோக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் போலியோ சொட்டு மருந்தைப் பற்றிப் பரவிய வதந்திகளை மருத்துவர்களால் மட்டும் ஒழிக்க முடியவில்லை. ஆலிம்கள் முன்வந்து பள்ளிவாசல்களில் பேசினார்கள். இந்தியாவின் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. 2017இல் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போட்டபோதும் அதே போன்ற வதந்தி செல்பேசிகளில் பறந்தது. எனக்கு மருத்துவம் தெரியாது. மருத்துவருக்கு மிம்பரில் ஏறத் தெரியாது. இருவரும் சந்தித்துக்கொண்டால் ஒரு மஹல்லாவின் குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்கு முன்பாவது உங்கள் பகுதி சுகாதார நிலைய மருத்துவரை, அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், அழைத்துப் பள்ளிவாசல் வளாகத்தில் பேசச் செய்யுங்கள்.

இளம் மருத்துவச் சகோதர சகோதரிகளே!

வாழ்நாள் முழுவதும் கிராமத்தில் கிடந்து சாகுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மேலே படியுங்கள். வெளிநாடும் போங்கள். பொருளீட்டுவது ஹலால்தான். ஆனால் முதல் மூன்று ஆண்டுகளை இந்த மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். எந்த ஸ்கேனும் இல்லாத இடத்தில் கையையும் காதையும் நம்பி நோயைக் கண்டுபிடிக்கப் பழகுவீர்கள். மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு நோயாளியின் வீட்டுச் சமையலறையில் பதில் கிடைக்கும். இதை எந்தப் பெரிய மருத்துவமனையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனத்தை நீங்கள் எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். ஓர் உயிரின் மதிப்பு என்ன என்பதை அல்லாஹ் அதில் சொல்லியிருக்கிறான். நாங்கள் அதை ஓதுகிறோம். அதைச் செய்து காட்டும் வாய்ப்பை அல்லாஹ் உங்கள் கைகளில் கொடுத்திருக்கிறான். அந்தக் கை விலை பேசப்படுவதற்கு முன், ஓர் ஏழையின் நாடியைப் பிடிக்கட்டும்.

கொடுத்த அறிவைக் கொண்டு என்ன செய்தாய் என்று மறுமையில் கேட்கப்படும் நாளில் நல்ல பதில் சொல்லும் கூட்டத்தில் அல்லாஹ் நம் பிள்ளைகளைச் சேர்த்து வைப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.